பதினாலு வீட்டுக்கு ஒரு நம்பர்

எங்கள் தெருவில் பதினாலு வீடுகள். கம்பெனிக்காரர்களைக் கேட்டால் பதினாலு வீட்டிலும் குடியிருப்பது நான் ஒருத்திதான் என்பார்கள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதும் நான், சொட்டுநீர்க் குழாய்க்கு விண்ணப்பம் போடுவதும் நான், கடைசி வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் தைலம் வரவழைப்பதும் நான். எல்லாவற்றுக்கும் என் செல்போன் நம்பர்தான். ‘இது நீங்கள்தானா?’ என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கேட்பார்கள். நான்தான், நான்தான் என்று ஐந்தாறு தடவையும் அமுக்குவேன்.

இந்தக் கூத்து செல்போனோடு ஆரம்பித்ததல்ல. நான் கல்யாணமாகி மாரண்டஹள்ளிப் பக்கம் வந்தபோது தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. மனு எழுதினாலும் சரி, கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் சரி, எல்லோரும் எங்கள் நம்பரைப் போட்டு ஓரத்தில் ‘பி.பி.’ என்று எழுதிவிடுவார்கள். இது பக்கத்து வீட்டு போன், கேட்டால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். கூப்பிட்டுக் கொடுக்கும் உத்தியோகம் புது மருமகளான எனக்கு. குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடுவேன். யார் வீட்டில் சாவு, யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அந்தப் பழக்கம் ஊரை விடவில்லை. ஆதாரில் போன் நம்பர் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் “நம்பர் சொல்லுங்கம்மா” என்றார். ஆண்பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருந்தார்கள். ஆஃபர் முடிந்தால் சிம்மைத் தூக்கிப் போடுகிற கூட்டம் அது. பெண்கள் கையில் போன் கிடையாது. “அந்தக்கா நம்பரயே போட்டுக்கங்க” என்று ஒருத்தி சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பத்து எண்ணையும் ஒப்பித்தேன். நான் இன்னார்தான் என்று நிரூபிக்க பி.பி. நம்பர் கொடுத்த புத்திசாலிகள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டை மாடியில் மட்டும்தான் கிடைக்கும். ஓ.டி.பி. வந்தால் மூன்று நிமிடத்தில் செல்லாமல் போய்விடும். ஆட்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் காத்திருப்பார்கள். படியிறங்கி ஓட நேரம் ஏது? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். “மூணாவது வூடு! நாலு, ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது, ஒண்ணு!” தக்காளிக் கொல்லையில் குனிந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து கேட்டுக்கொள்வார்கள். இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதே செய்தியில் போட்டிருக்கும். அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். என் நம்பர் எப்படிக் கிடைத்ததென்றே தெரியாத ஒருவன் காலையில் வீட்டுமனை விற்கிறான், மத்தியானம் மூட்டுவலிக்கு மருந்து விற்கிறான். அந்தப் பெரியவரின் முழங்கால் விஷயம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. இவர்கள் எனக்கு ரகசியம் காக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

ஒவ்வொரு செயலியும் திறந்தவுடன் ‘உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஆரம்பிக்கும். அவ்வளவு முக்கியமென்றால் என்னைச் சும்மா விடவேண்டியதுதானே. தைலம் விற்கிறவனுக்கு என் போட்டோக்கள் எதற்கு? நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்து சிலிண்டர்காரன் என்ன செய்யப் போகிறான்? கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. கீழே இழுக்க இழுக்க எழுத்து வந்துகொண்டே இருக்கும். எந்தத் தமிழ் என்று அடையாளம் தெரியாத ஒரு தமிழ். ‘இதன்கீழ் குறிப்பிட்ட மூன்றாம் தரப்பினர் மேற்படி நோக்கத்தின் பொருட்டு’ என்று போகும். படிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதியது. நானும் படித்ததில்லை. அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பச்சைக் கட்டம் இருக்கும். பதினாலு வீட்டுக்காகவும் நானே ஒப்புக்கொண்டேன்.

எதிர் வீட்டு மருமகள் ஒரு நாள் கொத்தமல்லி கேட்கிற சாக்கில் வந்தாள். நர்சிங் படித்தவள். புருஷன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இவள் ஊரில் மாமியாரோடு தக்காளி பறித்துக்கொண்டு கிடந்தாள். மாமியாருக்கு இவள் படிப்பைவிட இவள் கை முக்கியம். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை அல்லவா?

“அக்கா, ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரில வேல இருக்குதுங்க. இன்டர்வியூ அவரு போன்லயே முடிஞ்சிருச்சு. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி நாந்தானான்னு செக் பண்ணுவாங்களாம். எல்லாம் உங்க நம்பருக்குத்தான் வரும்.”

“வந்தா சொல்றேன். இதுல என்ன?”

“அத்தைக்குத் தெரியக் கூடாதுங்க. ஆர்டர் கைக்கு வந்துட்டா அவரு பேசிக்கறேன்னு சொல்லியிருக்காரு. முன்னாடியே தெரிஞ்சா தடுத்துருவாங்க. இந்த ஒரு நம்பர மட்டும் கத்தாதீங்க்கா.”

“நான் என்ன டமாரமா?” என்று கோபித்துக்கொண்டேன். டமாரம்தான். அவள் தெரியாமலா கேட்டாள்?

மொட்டை மாடியில் உட்கார்ந்து என் போனிலேயே எல்லாம் செய்தோம். ஆளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறதாம். ஆஸ்பத்திரி அவர்களுக்கு எழுதிவிட, அவர்கள் எங்களுக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார்கள். ஆதார் அட்டையைப் படமெடு என்றது, எடுத்தோம். முகத்தை வட்டத்துக்குள் வை என்றது, வைத்தாள். கண்ணைச் சிமிட்டு என்றது. இடப்பக்கம் திரும்பு என்றது. இடப்பக்கம் திரும்பினால் கொல்லையில் மாமியார் நிற்பது தெரிந்தது. அவள் படக்கென்று குனிந்தாள். உங்கள் முகம் தெளிவாக இல்லை, மறுபடியும் முயலுங்கள் என்றது. நாலு தடவை சிமிட்டி, நாலு தடவை குனிந்து, ஐந்தாம் தடவை ஒருவழியாக இவள் உயிருள்ள மனுஷிதான் என்று அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஓ.டி.பி. வந்தது. அதை அவள் காதில் மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் அந்த எழுத்துக் குவியல் வந்தது. அவள் படிக்க ஆரம்பித்தாள். படித்தவளின் கெட்ட பழக்கம்.

“அக்கா, இதுல என்னமோ விசாரணைன்னு போட்டிருக்குதுங்க.”

“எல்லாத்துலயும் அப்படித்தான் போடுவானுங்க. அத எவன் படிக்கறான்? குடு இங்க” என்று போனை வாங்கிப் பச்சைக் கட்டத்தை அமுக்கினேன். என் விரல்தான் அமுக்கியது, அவள் விரல் அல்ல.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். எதிர் வீட்டு வாசலில் மாமியார் நாலைந்து பெண்களோடு தக்காளி தரம் பிரித்து, டிப்பர் என்கிற பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் கொல்லையின் கோடியில் பறித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, “இந்த வீட்டுல இருக்காங்களா? ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குச் சேர்றாங்க. வெரிஃபிகேஷன் பண்ணணும்” என்றார். தெருவுக்கே கேட்டது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் நன்றாகக் கேட்டது.

மாமியார் கையிலிருந்த தக்காளியை டிப்பரில் வைத்தார். “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். விடுவிடுவென்று இறங்கிப் போய் வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். “தெருவுல நின்னு இப்படித்தான் கத்துவீங்களா? யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?”

அவர் பதறவேயில்லை. போனை நீட்டினார். “அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்கம்மா. பாருங்க, முகவரிக்கு நேர்ல வரலாம், அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம்னு.” கீழே என் நம்பர் இருந்தது. நான் பச்சைக் கட்டத்தை அமுக்கிய நேரமும் இருந்தது.

“சரி, நீங்கதான பக்கத்து வீடு? நீங்க சொல்லுங்க. இருக்காங்களா, இல்லியா?”

தக்காளி பிரித்த கைகள் எல்லாம் நின்றன. மாமியார் என்னைப் பார்த்தார். எங்கள் போர்வெல் பைப் அவர்கள் கொல்லை வழியாகத்தான் வருகிறது. அவர் நினைத்தால் நாளைக்கே தோண்டி எடுக்கச் சொல்லலாம். அந்த ஒரு நிமிடத்தில் என் மனசில் ஓடியது இதுதான். அவள் படிப்பும் ஓடவில்லை, அவள் ஐந்து தடவை சிமிட்டிய கண்ணும் ஓடவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

முகமே தெரியாத கம்பெனிகள் கேட்டபோதெல்லாம் பதினாலு வீட்டு ஆளும் நானே என்று சாதித்தவள் நான். முதல் தடவையாக ஒரு மனுஷன் நேரில் வந்து, அவள் அவள்தானா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கம்பெனிகளை நான் பேசாத பேச்சில்லை. அவர்கள் செய்வது பிழைப்புக்காக. நான் ஒரு பைப்புக்காக.

அந்த ஆள் வீட்டை ஒரு படம் எடுத்தார். அவர்கள் வாசல் கொடியில் அவளுடைய நீலச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் படத்தில் விழுந்திருக்கும். எதையோ தட்டினார், கிளம்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது. ‘விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை. சரிபார்ப்பு தோல்வி.’ மாடியில் நின்று அதைப் படித்தேன். எதிரே அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கூடையை அந்த முகவரியில் இறக்கினாள். அந்த முகவரியில் கால் கழுவினாள். மாமியார் ஏதோ சொல்ல, கை ஈரத்தோடு அப்படியே நின்றாள்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

“செய்தி வந்துச்சுங்களா அக்கா?”

காட்டினேன். படித்தாள். நிதானமாக, ஒரு எழுத்து விடாமல்.

“அந்தாளு கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே…” என்று ஆரம்பித்தேன்.

“அத்தை சொன்னாங்க” என்றாள். திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்த புருஷன் திங்கட்கிழமையும் ஊரில் தங்கினான். இரண்டு பேரும் பாலக்கோடு போய், அவள் விரலை வைத்து, ஆதாரிலிருந்து என் நம்பரை எடுத்துவிட்டு வந்தார்கள் என்று தெருமுனைக் கம்ப்யூட்டர் கடையில் கேள்விப்பட்டேன். மற்ற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இன்னமும் என் குரலைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். அதே நீலச் சேலை. கையில் ஃபைல், புது போன். ஓசூர் பஸ்ஸுக்கு நின்றாள். ஆஸ்பத்திரியில் பேசிப் பார்த்ததில், காகிதங்களோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதை அவள் சொல்லவில்லை, கூட நின்ற புருஷன் சொன்னான். அவள் சும்மா சிரித்தாள். மனசு கேட்காமல், பழைய உரிமையில், நானும் என் போனை எடுத்துக்கொண்டேன்.

“புது நம்பரா? சொல்லு, போட்டுக்கறேன்.”

அவள் முகத்தில் கோபமே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

“எதுக்குங்க அக்கா?”

போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.