எல்லா வட்டைக்கும் ஒரே நாள்

என் மாமா வெல்லாவெளிப் பக்கம் வட்டவிதானை. மேல்வட்டை, கீழ்வட்டை என்று இரண்டு வயல்வெளிகளுக்கும் வாய்க்கால் தண்ணீர் எந்த நாளில் என்று அவர்தான் அறிவிக்க வேண்டும். அதற்காக மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக அலைந்தார். பார்க்கப் பொறுக்காமல் நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். அவர் கைப்பேசியில் நாளைக் குறித்தால் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறவள் நான். இதெல்லாம் எனக்குத் தூசு என்று ஒரே பின்னேரத்தில் முடித்தேன்.

அப்போது இரண்டு வட்டைக்கும் ஒரே நாளில்தான் தண்ணீர். ஆகவே ‘தண்ணீர் நாள்’ என்று நாளைச் சேமித்துவைக்கும் ஒரேயொரு மாறியை நிரலின் தலையில் வைத்தேன். நிரலின் எந்தப் பகுதியும் அதைப் படிக்கலாம், எதுவும் மாற்றலாம். வேலையில் வேறு யாராவது இப்படி எழுதினால் நான் சும்மா விடமாட்டேன். அந்தந்த வட்டையின் நாள் அந்தந்த வட்டைக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். மாமாவுக்குத்தானே, இது போதும் என்று விட்டேன்.

மேல்வட்டையில் மட்டும் ஒரு நாள் மழை கொட்டியது. மாமா அந்த வட்டையின் நாளை நான்கு நாள் தள்ளிப் போட்டார். கீழ்வட்டைக்கும் அதே செய்தி போனது. அங்கே யாரும் வயலுக்குத் தண்ணீர் பாயும் வரம்பு வக்கடையைத் திறக்கப் போகவில்லை. அவர்களுடைய முறை வந்து கடந்துவிட்டது; கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்ற பயிர் வாடியது. தன் வயல் இருக்கும் மேல்வட்டைக்குத் தண்ணீர் எடுக்கத்தான் மாமா இப்படிச் செய்தார் என்று ஊரே பேசியது. கடைத்தெருவில் அவர் முகத்துக்கு நேரே ‘தண்ணிக் கள்ளன்’ என்றார்களாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நிரலைத் திறந்தேன். வட்டைக்கொரு நாளாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. பிழை என்னுடையது என்று சொல்ல நான்கு நாள் எடுத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சறுக்கியது யானை, மிதிபட்டது மாமா. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐந்தாம் நாள் மட்டக்களப்பு வாவியைக் கடந்து போய் விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். “நாள மாத்தினது மாமா இல்ல. நான் எழுதின புரோகிராம். ரெண்டு வட்டைக்கும் ஒரே நாள வெச்சிருந்தன். அவர் மேல்வட்டைக்கு மாத்த, உங்கட நாளும் சேந்து மாறிட்டு.”

கீழ்வட்டையில் ஒன்றரை ஏக்கர் செய்கிற ஒரு பெண், பயிர் முழுதும் வாடிப்போனவர், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை; மூலையில் இருந்த மாமாவையே பார்த்தார். “அப்ப இந்த மனிசனையா நாங்க அப்பிடிப் பேசினம்?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது மாமாவிடம் கேட்டேன், “ஏன் மாமா, ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாமே?”

“உன்ட வேலையில பிழை வரும் எண்டு நான் நினைக்கல்ல, மகள்,” என்றார். “நான்தான் விரல் மாறி அமத்திப் போட்டனாக்கும் எண்டு, பயிர் வாடின அண்டைக்கே அந்த ஒண்டரை ஏக்கர் செய்யிற புள்ளட வீட்ட போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தன்.”