முகட்டில் தொங்கிய பூவாளி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் நல்ல மிளகாய்க் கன்று வேண்டுமென்றால் அக்கராயனில் எங்கள் வலைக்கூடாரத்துக்குத்தான் வருவார்கள். அங்கே குழாய் நேரம் பார்த்துத் தானாகவே சொட்டுகிறது. நடுகைக்கு ஆறு நாள் இருக்கும்போது அதைப் பூட்டுகிறவள் நான். விவசாயப் போதனாசிரியை அதற்கு ஏதோ நீளமான பெயர் சொன்னார். பெயர் தெரியாத வயதிலேயே அதை மீறி ஒரு நாற்றுமேடைக் கன்றுகளைக் கொன்றவள் நான் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துப் பாசனத்தின்கீழ் காணி கிடைத்துக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. சிறுபோகத்துக்கு, வெயில் காலத்தில், மிளகாய் வைப்போம். அம்மா கிணற்றடியில் மூன்று மேடைகளில் விதை போட்டிருந்தார். வீட்டில் இருந்த விதை அவ்வளவுதான். அது தவறினால் அந்தப் போகம் தோட்டமே இல்லை.

காலையில் மேடைக்கு இரண்டு பூவாளித் தண்ணீர் ஊற்றுவார். மண்ணில் விரலைக் குத்திப் பார்த்து, ஈரம் இருந்தால் ஒன்றோடு நிறுத்திவிடுவார். கிணறு நிறையத் தண்ணீர் இருக்க அக்காவுக்கு அதிலும் கஞ்சத்தனம் என்று அம்மாவின் தம்பி, என் மாமா, பகிடி பண்ணுவார்.

ஒருநாள் காலை அம்மா பூவாளியைக் கழுவிக் குசினியில் அடுப்புக்கு மேலே முகட்டில் கட்டித் தொங்கவிட்டார். மேடைகளின் மேல் நிழலுக்குப் போட்டிருந்த கிடுகுப் பந்தலையும் பிரித்துவிட்டார். நடும்வரை கன்றுகளுக்குத் தண்ணீர் இல்லை என்றார். காரணம் சொல்லவில்லை. கேட்கிற பழக்கமும் எங்களுக்கு இருக்கவில்லை.

அந்தக் கிழமை முழுதும் என்னோடும் அவர் அப்படித்தான் இருந்தார். இனி என் தலையை நானே வாரிப் பின்ன வேண்டும், சோற்றை நானே போட்டுச் சாப்பிட வேண்டும், சட்டையை நானே தோய்க்க வேண்டும். நானும் கன்றுகளும் சேர்ந்து ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மத்தியானத்தில் கன்றுகள் தலை தொங்கி நின்றன. பின்னேரம் நிமிர்ந்தனவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பால்மாத் தகரப் பேணி ஒன்றின் அடியில் ஆணியால் துளைகள் போட்டேன். அந்த நாட்களில் அம்மா மத்தியானத்தில் படுக்கத் தொடங்கியிருந்தார். எனக்கு வசதியாகப் போயிற்று. மூன்று மேடைக்கும் தண்ணீர் சுமக்க என் கைக்குப் பலமில்லை. வாழைப்பக்க மேடைக்கு மட்டும் ஆறு நாளும் ஊற்றினேன். அது பச்சைப்பசேலென்று எழும்பியது. மற்ற இரண்டும் கறுத்துக் கட்டையாக நின்றன.

நடுகை அன்று மாமா அந்த மேடையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு மட்டும் கோயில் தீர்த்தம் தெளிச்சனீங்களோ?" என்றார். பெருமை தாங்காமல் நான் ஓடிப்போய்ப் பேணியைக் கொண்டுவந்து காட்டினேன்.

அம்மா ஒரு கன்றின் தண்டை விரலால் வளைத்தார். அவித்த இடியப்பம் போல வளைந்தது. அவர் அடிக்கவில்லை.

"தோட்டத்தில இண்டைக்குத் தண்ணி விட்டா, திரும்ப வாய்க்கால் முறை வர அஞ்சு நாள் செல்லும். அதுவரைக்கும் நீ பேணியோட வெயிலுக்க நிப்பியோ?"

"நிப்பன்" என்றேன்.

நின்றும் பார்த்தேன். என் கன்றுகளைத் தனியாக ஓரத்து வரிகளில் நட்டார்கள். இரண்டாம் நாளே சரியத் தொடங்கின. ஒன்றின் காலடியில் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது மண்ணோடு படுத்தது. கறுத்த கன்றுகளும் மத்தியானத்தில் வாடின, பின்னேரம் எழும்பின, முறைத் தண்ணீர் வரும்வரை நின்றன. அப்பா என்னை ஏசினார். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் போகம் வெறும் மண்ணாகக் கிடந்தது.

தண்ணீர் வந்த மறுநாள், முன்பே குறித்து வைத்திருந்த நாளில், அம்மா வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் கட்டி என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மிளகாய் பழுத்த பிறகுதான் மெலிந்து திரும்பி வந்தார். படலை வாசலில் நின்றபடியே என் பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். கோணல் பின்னல்தான், அவிழவில்லை. பிறகு தோட்டத்துக்குப் போய்ப் பழுத்த வரிகளைப் பார்த்தார். வெறும் வரிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை அம்மாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன்.