அப்பா பார்த்த ஆட்டம்

லண்டனுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் கேட்கும் ‘அன்லக்கி’ என்ற சத்தம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் உதைபந்து விளையாடுவார்கள். கோல் காப்பவன் விழுந்து கிடக்க, முன்னால் நிற்கும் பிள்ளை பந்தை வானத்துக்கு அடிக்கும். கோட்டுக்கு வெளியே கோப்பிக் குவளையோடு நிற்கும் தகப்பன்மார் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் ‘அன்லக்கி!’ என்பார்கள். எங்கள் கடற்கரை ஊரில் இப்படி அடித்தவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்ப்பார்கள். இதை ஜெரோமுக்குச் சொன்னபோது அவன் சிரித்தான். “பிரான்சிலை ‘செ பா கிராவ்’ எண்டுவினம் மாமா, பரவாயில்லை எண்டு. ஆனா அடுத்த கிழமை டீமிலை பேர் இருக்காது.”

ஜெரோம் என் நண்பன் அருளப்புவின் ஒரே மகன். பாரிஸில் பிறந்தவன். பிரான்சின் இரண்டாம் பிரிவில் பல வருடங்களும் முதற்பிரிவில் ஒரேயொரு பருவமும் நடுக்களத்தில் ஆடியவன். கடைசியில் லண்டனில் ஒரு சிறு கழகத்துக்கு வந்து, முழங்கால் கைவிட்டுவிட, இங்கேயே ஓய்வு பெற்றான். மனைவி இறந்தபின் அருளப்புவும் பாரிஸை விட்டு மகனோடு லண்டன் மோர்டனுக்கு வந்துவிட்டான். எனக்கு அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி.

பாரிஸில் ஒரு காலத்தில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒருநாள் கோட்டுப் போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் அருளப்புவின் கதவைத் தட்டினார். விசா விசாரிக்க வந்த அதிகாரி என்று நினைத்து அருளப்பு வதிவிட அட்டை, வாடகைச் சிட்டை, ஞானஸ்நானப் பத்திரம் வரை மேசையில் பரப்பிவிட்டான். வந்தவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பையனின் சப்பாத்து அளவு என்ன என்று கேட்டார். அருளப்புவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. சப்பாத்துத் திருடிவிட்டானோ என்று பயந்து மகனுக்கு ஓர் அறையும் விட்டான். பிறகுதான் தெரிந்தது, அவர் ஒரு கழகத்துக்குப் பிள்ளை தேடி வந்தவர் என்று. அடுத்த மாதமே ஜெரோம் ஒரு பெட்டியோடு வடக்கே இருந்த பயிற்சி விடுதிக்குப் போனான். தாய் கழுத்தில் மாதா பதக்கம் போட்டு அனுப்பினாள். அங்கே எங்கள் நிறத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெயர் ‘இந்து’தான். பதக்கத்தை முத்தமிட்டுவிட்டு மைதானத்தில் இறங்குகிறவனைப் பார்த்து ஒரு நகரமே ‘இந்து, இந்து’ என்று கத்தியது.

கோல் அடிக்கிறவனின் படம் பத்திரிகையில் வரும். ஜெரோமின் வேலை, எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பது. அவன் இல்லாத நாளில்தான் அவன் அருமை தெரியும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்களாம். இப்போது குரோய்டனில் அகதிகளின் விசாரணைகளுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்க்கப் போகிறான். அங்கே ஒருமுறை கொங்கோ நாட்டுக்காரர் ஒருவர் தன் வழக்கை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்து, கழகத்தின் பெயரைச் சொல்லி, ‘அந்த எட்டாம் இலக்கம் நீதானே?’ என்று கேட்டாராம். மொழிபெயர்க்க வந்தவன் சொந்தக் கதை பேசக்கூடாது. அவன் தலையை மட்டும் ஆட்டினான். லண்டனில் அவனை அடையாளம் கண்ட ஒரே ஆள் அவர்தான். மருத்துவமனையில் வரவேற்பில் இருந்த பெண் அவன் முழங்காலைப் பார்த்து, ‘கிரிக்கெட்டா?’ என்றாள். அவன் ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இத்தனையிலும் அவனுக்கு ஒரேயொரு குறைதான். அவன் ஆடியதை அப்பா ஒருநாளும் மைதானத்தில் வந்து பார்த்ததில்லை. ஆட்டம் சனிக்கிழமை மாலை. உணவகத்தில் சனம் நிரம்புவதும் அப்போதுதான். அருளப்பு குசினியில் நிற்பான். “லீவு கேட்டிருக்கலாம்தானே மாமா, ஒருக்கா?” என்று ஜெரோம் என்னிடம் கேட்டிருக்கிறான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசமாட்டான்.

கோடையில் இங்கே ஊர்ச் சங்கங்களின் உதைபந்துப் போட்டி நடக்கும். யார் எந்த ஊருக்கு ஆடலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தகப்பன் எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றானோ அதுதான் பிள்ளையின் ஊர். பிள்ளை அந்த ஊரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இந்த வருடம் எங்கள் சங்கம் ஜெரோமைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்ததும் அவன் என்னைத் தனியே கூப்பிட்டான். “மாமா, கடைசிக் கொஞ்ச நேரம் இறங்கப் போறன்.”

“விசரே உனக்கு? ஓடவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?”

“எப்பிடியும் ஒப்பரேசன் செய்து முழங்காலை மாத்தத்தானே போறாங்கள். அப்பா இண்டைக்கு இஞ்சை நிக்கிறார். இனி எப்ப?”

அருளப்பு மைதானத்தின் ஓரத்தில் சங்கத்தின் கொத்துரொட்டிக் கடையில் நின்றான். நான் ஓடிப் போய், “டேய், பெடியன் இறங்கப் போறான், வா” என்றேன். அவன் வரவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றான். ரொட்டியை அள்ளி அடுப்பிலிருந்த இரும்புத் தட்டில் போட்டு, இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்தத் தொடங்கினான். கடையில் வாங்க ஒருவரும் இல்லை. எல்லோரும் கோட்டோரம் போய்விட்டார்கள்.

“ஒருக்காப் போனனான், சூசை,” என்றான், கொத்திக்கொண்டே. “அவனுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. முதலாளியிட்டை வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு ரெயின் ஏறிப் போனனான். முதற்பிரிவிலை விளையாடின வருசம். என்ன வடிவா விளையாடினவன் தெரியுமே! பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரனுக்கு, உது என்ரை மகன் எண்டு கையைக் காட்டினனான். அவனுக்கு விளங்கேல்லைப் போலை, சும்மா சிரிச்சான். காட்டின கை இறக்கேல்லை, பிள்ளை நிலத்திலை கிடக்கிறான். முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு கத்தினது எனக்குக் கேட்டது. என்ரை கண்தான் மச்சான். பெத்தவன்ரை நாவூறுதான். பாதரிட்டையும் சொன்னனான். அவர் சிரிச்சவர்.”

அன்றிலிருந்து அவன் தொலைக்காட்சியில்கூட மகனின் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அந்த முழங்கால்தான் ஜெரோமை முதற்பிரிவிலிருந்து இறக்கியது, பிறகு ஊர் ஊராக அலைய வைத்தது, கடைசியில் லண்டனில் கொண்டுவந்து விட்டது. இது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கும் தெரியும். என் பிள்ளையைப் பார்த்து யாராவது ‘நல்ல நிறம்’ என்று சொன்னால் உடனே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுகிறவள்தான் என் மனைவியும்.

எங்களுக்குப் பின்னால் சனம் ஆர்ப்பரித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அருளப்பு இன்னும் பலமாகக் கொத்தினான். நான்தான் திரும்பிப் பார்த்தேன். ஜெரோம் ஓடவில்லை, ஓட அவனால் முடியாது. நடுவில் நின்றான். வந்த பந்தையெல்லாம், அது எங்கே போகவேண்டுமோ அங்கே அவனுடைய கால் அனுப்பியது. இளம் பெடியன்கள் அவனைச் சுற்றி ஓடினார்கள். எங்கள் அணி தோற்றது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

“நடந்து வாறானோ?” என்றான் அருளப்பு, திரும்பாமலே.

“நடந்துதான் வாறான். கொஞ்சம் நொண்டுறான்.”

“அப்ப சரி. நான் பார்க்கேல்லைத்தானே.” அவன் தகடுகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். தட்டில் இருந்த கொத்து மாவாகப் போயிருந்தது.

ஜெரோம் காரின் பின்கதவைத் திறந்து வைத்து அதில் உட்கார்ந்திருந்தான். சோடாப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸை முழங்காலில் வைத்திருந்தான். முழங்கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. நான் கிட்டப் போனதும் அவன் முதலில் கேட்டது, “அப்பா பார்த்தவரோ மாமா?”

நான் அவனைப் பார்க்காமல் ஐஸைப் பார்த்தேன். “ஓம் தம்பி. முழுக்கப் பார்த்தவர்.”

அவன் கையால் கண்ணை மூடிக்கொண்டான். “காணும் மாமா, இது போதும்,” என்றான். “இனி முழங்காலை மாத்தட்டும்.” பிறகு பிரெஞ்சில் என்னவோ தனக்குள் சொன்னான். அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அன்று அணிந்த சட்டையை அவன் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறான். பிரான்சில் போட்ட சட்டைகள் எல்லாம் கட்டிலின் கீழே பெட்டியில் கிடக்கின்றன. சட்டையின் நெஞ்சில் எங்கள் ஊரின் பெயர் பெரிதாகத் தமிழில் அச்சிட்டிருக்கிறது. ஜெரோமால் அதை வாசிக்க முடியாது. பேச்சு இருக்கிறது; எழுத்து ஒன்றும் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் போயிற்றே என்று ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் புலம்புகிறவன் நான். இந்தக் கதையை எழுதி முடித்தபோது, இந்தப் பிள்ளை மட்டும் இனியும் தமிழ் படித்துவிடக் கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.