சுடர் இல்லாத அடுப்பு

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது, எங்கள் துறைத் தலைவரோடு சேர்ந்து கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சின்ன அடுப்பு செய்தேன். சமையல் எரிவாயு, பிளாட்டினம் பூசிய பீங்கான் தட்டில் பட்டுச் சுடரே இல்லாமல் எரியும். எவ்வளவு காற்றடித்தாலும் அணையாது. தட்டுக்கு மேலே பொருத்திய, பிஸ்கட் அளவு தெர்மோஎலெக்ட்ரிக் வில்லை ஒன்று அந்தச் சூட்டிலிருந்து போன் சார்ஜ் ஏற்றுகிற அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம் தரும். ஆனால் வில்லையின் அடிப்பக்கம் சுட்டு, மேல்பக்கம் குளிர்ந்திருந்தால்தான் மின்சாரம் வரும். எங்களுடையதில் மேல்பக்கமும் சீக்கிரமே சூடேறிவிடும். சரிசெய்யச் சில மாதமாகும் என்று சொல்லியிருந்தேன்.

அதற்குள் புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. இரண்டே நாளில் துறைத் தலைவர் சார், "சரி பண்ணிட்டேம்மா, கிளம்பு" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. காரில் போகும்போது பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். சுற்றிலும் செத்த மாடுகளின் நாற்றம். வராந்தாவில் கல்லூரி பேனரைக் கட்டி, சார் அடுப்பைப் பற்றவைத்தார். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா தன் போனைக் கொடுத்தார். சார்ஜ் ஏறியது. திருப்பூரில் இருக்கும் மகளிடம், வீடு போய்விட்டது, உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லி அழுதார். எங்களோடு வந்த கல்லூரி போட்டோக்காரர்கள் அந்த அழுகையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள்.

உடனே வரிசை சேர்ந்தது. மூன்றாவது போனில் சார்ஜ் நின்றுவிட்டது. அடுப்பை அணைத்து அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே டேப் போட்டு ஒட்டிய ஒரு பவர் பேங்க். வில்லையின் கம்பிகள் அறுந்து தொங்கின.

சாரிடம் காட்டினேன். குனிந்து, "போட்டோ எடுத்தாச்சு. மூடி வைம்மா, போகலாம்" என்றார். 

நான் வரவில்லை என்றேன். கார் போனதும் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எதுல சார்ஜ் ஏறுனா என்ன, பொண்ணுகிட்ட பேசிட்டேன்" என்றவர், வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, அடுப்பை மறுபடி பற்றவைத்து, மேல்பக்கம் சூடாகாமல் இருக்க வில்லையின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்தேன். கல்லூரியில் காற்றால் குளிரவைக்கத்தான் அதுவரை பாடுபட்டிருந்தோம். இப்போது சார்ஜ் ஏறியது, ஆனால் மெதுவாக. சாயங்காலத்துக்குள் இரண்டு பட்டன் போன்கள் பேசும் நிலைக்கு வந்தன. தண்ணீர் சுட்டதும் அந்த அம்மா மாற்றி வைப்பார். சுடுதண்ணீரைக் கைக்குழந்தைக்காரிகள் வாங்கிப்போனார்கள்.

அந்த அழுகைப் படம் கல்லூரி விளம்பரத்தில் வந்தது. நடந்ததையெல்லாம் நிர்வாகத்துக்கு எழுதினேன். கல்லூரிப் பெயரைக் கெடுக்கிறேன் என்று பதில் வந்தது. வேலையை விட்டேன். கடைசி நாள் சார் சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.