ஆறு ஒண்ணு கழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிற பாறசாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், ஒரு விளக்கு தானாக எரிந்தால் ஒயர் எங்கே போகிறது என்று தேடுவேனே தவிர ஜெபம் பண்ண உட்கார மாட்டேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது, அதுவும் நடு இரவில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போது. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நானே என்னோடு இருபத்தைந்து வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்தேழு வயது. என் அக்கா ஸ்டெல்லா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், தனுவச்சபுரம் போகிற வழியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், கீயைப் பார்த்து அடித்தால் விரலில் ஸ்கேல் விழும், நானும் வாங்கியிருக்கிறேன், தம்பி என்ற சலுகையெல்லாம் அவளிடம் கிடையாது. அந்த அக்காவுக்கு நரம்பில் ஒரு நோய் வந்து, முதலில் கை போயிற்று, பிறகு கால், கடைசியில் நாக்கும் போயிற்று. கண்ணும் காதும் புத்தியும் மட்டும் பழையபடி அப்படியே. கழுத்துக்குக் கீழே அசைந்தது வலது காலின் கட்டைவிரல் ஒன்றுதான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவளோடு பேச ஓர் எழுத்து அட்டை வைத்திருந்தோம். ஒருவர் எழுத்து எழுத்தாக விரலை நகர்த்த வேண்டும், வேண்டிய எழுத்து வந்ததும் அக்கா கட்டைவிரலை அசைப்பாள். ஆனால் எங்களுக்குப் பொறுமை ஏது? ‘த’ என்று வந்ததுமே அம்மா தண்ணீர் கொண்டுவந்துவிடுவாள், அக்காவுக்கு வேண்டியது தலையணையாக இருக்கும். மஸ்கட்டில் இருக்கும் அத்தானுக்கு எழுதுகிற கடிதமும் அப்படித்தான், அக்கா ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள், நாங்கள் “நான் இங்கே சுகம்” என்று முடித்துவிடுவோம். அப்போது அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். விரல் நிற்பதற்குள் அவள் ஒரு கடிதமாவது அவளாக எழுத வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அத்தான் ஒரு புதுக் கம்ப்யூட்டர் அனுப்பிவைத்தார். பார்க்க அழகு, ஆனால் பழைய கீபோர்டு சொருகுகிற ஓட்டை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே அப்போது புதிதாக வந்திருந்த யுஎஸ்பி. இரண்டு ஓட்டை, அதில் ஒன்று வரும்போதே செத்திருந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு சின்னப் பெடல் அக்காவின் கட்டைவிரலுக்குக் கீழே, திரையில் ஏ முதல் இசட் வரை எழுத்துகள், ஒரு கட்டம் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து போகும், வேண்டிய இடத்தில் அழுத்தினால் அந்த எழுத்து விழும். திரையில் ஓடுகிற புரோகிராமை ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். பெடலைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

யுஎஸ்பி பேச அதற்கென்று தனிச் சிப்பு வேண்டும், அது திருவனந்தபுரத்தில்கூடக் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்தது எட்டணா அகலத்துக்கு ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர். கூட வந்த ஒரே கீபோர்டைப் பிரித்து ஒயர் இழுக்கவும் பயம், கெட்டுப்போனால் வேறு கிடைக்காது. சரி, இந்தச் சிப்பையே பேச வைப்போம் என்று இறங்கினேன். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குப் பதினைந்து லட்சம் பிட்டு அனுப்பும், என் சிப்புக்கு ஒரு பிட்டுக்கு எட்டே எட்டுத் துடிப்புதான் நேரம். அந்த எட்டுக்குள் ஒயரைப் பார்க்க வேண்டும், பூஜ்யமா ஒன்றா என்று குறிக்க வேண்டும், எண்ண வேண்டும், திரும்பி வந்து நிற்க வேண்டும். ஒரு துடிப்பு தவறினாலும் போச்சு. நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் துடிப்புக் கணக்கு எழுதி எழுதி எனக்குச் சோறு பிசையும்போதும் எட்டு எட்டாகத்தான் வரும்.

யுஎஸ்பியின் சட்டதிட்டமெல்லாம் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த என் நண்பன் சுரேந்திரனிடம் இருந்தது. அவன் அதைப் படித்து மலையாளத்தில் சொல்ல, நான் பூத்தில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, பின்னால் நிற்கிறவர்களின் முறைப்பை வாங்கிக்கொண்டு, தமிழில் சுருக்கிச் சுருக்கி எழுதிக்கொண்டேன். நம்ம பக்கத்தில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை, காதில் ஒரு பாஷை விழும், கை வேறு பாஷையில் எழுதும். அப்படி எழுதியதில் ஒரு வரி: ‘6 ஒண்ணு கழி, 0 போடு.’

அதன்படியே எழுதினேன். ஆறில் ஒன்று கழித்தால் ஐந்து. ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அடுத்து ஒரு பூஜ்யம் சொருகு. நேராக ஐந்து என்று சொல்லாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறான் என்று தோன்றியது, வெள்ளைக்காரன் காரணமில்லாமலா எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

சொருகினால், கம்ப்யூட்டர் முதலில் ‘நீ யார்’ என்று சில கேள்வி கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சின்ன பல்பு எரிய வைத்திருந்தேன். முதல் பல்பு எரியும், இரண்டாவது எரியும், மூன்றாவது எரியாது. திரையில் ‘தெரியாத கருவி’ என்று வரும். இரண்டு மாதம் இதே கதை. சுரேந்திரனைக் கேட்கலாம் என்றால் அவன் வேலை மாறி வடக்கே எங்கோ போய்விட்டான். அதற்குள் அக்காவின் விரல் சில நாள் காலையில் அசைவதே இல்லை, மத்தியானம்தான் கொஞ்சம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் புறப்பட்டாள்.

“எலே மக்கா, இண்ணைக்கும் வரல்லியா நீ? ஆண்டவருக்கு ஒரு மணிக்கூறு குடுக்கப்பிடாதா?”

“அக்காவ யாரு பாத்துக்கிடுவா? நீ போயிட்டு வா. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு.”

“ஒனக்குச் சேத்து ஜெபம் பண்ணியே எனக்கு முட்டு தேஞ்சு போச்சு, கேட்டியா,” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா உறங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, கால் போர்வைக்குள். நான் சன்னலோரம் மேசைக்கு முன் நின்றேன். கீபோர்டைக் கழற்றிவிட்டுப் பெடலைச் சொருகினேன், மறுபடியும் இரண்டு பல்பு. சனியனே என்று சிப்பை மட்டும் பலகையிலிருந்து நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன், வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாம் என்று. கவனியுங்கள், கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, பெடல் கட்டிலிலிருந்து ஐந்தடி தள்ளி மேசைமேல், அதன் மூளை என் கையில்.

திரையில் கட்டம் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ‘கே’யில் வந்ததும் எழுத்து விழுந்தது.

கரண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கட்டம் சுற்றி வந்து ‘ஏ’யில் விழுந்தது. பிறகு ‘இசட்’. ஒரு சுற்றுக்கு அரை நிமிஷம். நான் அசையாமல் நின்று பார்த்தேன், சிப்பின் கால்கள் உள்ளங்கையில் குத்துவதுகூடப் பிறகுதான் தெரிந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும், ஆங்கில எழுத்தில், ஆனால் நம்ம பேச்சில் முழுசாக நின்றது: கழிச்சு இல்ல, கழிஞ்ஞு.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா உறங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

நோட்டைப் புரட்டினேன். ‘6 ஒண்ணு கழி.’ அப்போதுதான் சுரேந்திரன் பேசியது அப்படியே காதில் கேட்டது: “ஆறு ஒண்ணு கழிஞ்ஞு ஒரு பூஜ்யம்.” மலையாளத்தில் கழிஞ்ஞு என்றால் முடிந்த பிறகு. ஆறு ஒன்றுகள் முடிந்த பிறகு ஒரு பூஜ்யம்! நான் அதைக் ‘கழி’ என்று சுருக்கி எழுதிவிட்டு, ஆறில் ஒன்றைக் கழித்து இரண்டு மாதம் ஐந்தோடு மாரடித்திருக்கிறேன். இரண்டு பாஷையிலும் புழங்குகிறவன்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். அந்த நோட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை, வாய்விட்டுப் படித்ததும் இல்லை. அக்காவுக்கு யுஎஸ்பி என்ற பெயர்கூடத் தெரியாது.

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய கம்ப்யூட்டரில் ஐந்தை ஆறாக்கிச் சிப்பில் ஏற்றினேன். சொருகினேன். மூன்றாவது பல்பு எரிந்தது, நான்காவதும் எரிந்தது.

அம்மா திரும்பி வரும்போது அக்கா விழித்திருந்தாள், விரலுக்குக் கீழே பெடல் இருந்தது. அவள் முதன்முதலாக எழுதியது எனக்கு: “எலே, அந்த அட்டய அடுப்புல போடு.” நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அம்மா, “கர்த்தாவே, இவ பழைய ஸ்டெல்லாவேயாக்கும்,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அத்தானுக்குக் கடிதம் எழுதினாள். அதில் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள்தான் கேட்டேன். “அக்கா, நேத்து காலத்தே பத்து மணிக்கு ஸ்கிரீன்ல எழுதினது நீயா?”

அவள் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நான் ஒரு வார்த்தைகூட முந்திக்கொண்டு முடிக்கவில்லை. இப்படி எழுதினாள்: “நீ கால்மாட்டுல இருந்து அழுதே. அக்கா எங்க தப்பு, சொல்லுன்னு கேட்டே. சொன்னேன். பின்ன ஏன் கேக்குதே? ஆமா, தல ஏன் இப்பிடி நரச்சுக் கெடந்துது?”

நான் உட்காரவே இல்லை. கட்டில் பக்கம் போகவும் இல்லை. அப்போது என் தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. “கனவு கண்டிருப்பே அக்கா,” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தாள். கடைசி வாரம் வரை விரல் நிற்கவில்லை, டாக்டருக்கே ஆச்சரியம். அத்தானுக்குக் கடிதம், அம்மாவுக்கு அதட்டல், எனக்குப் பெண் பார்த்தது எல்லாம் அந்த ஒற்றை விரலால்தான்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தலை முழுக்க வெளுத்துவிட்டது, அன்றைக்கு அக்கா பார்த்ததாகச் சொன்ன மாதிரியே. அக்காவின் கட்டில் அதே அறையில்தான் கிடக்கிறது. அவள் போனபிறகு அதன் கால்மாட்டில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, பயம்தான். ஆனால் இப்போதெல்லாம் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வருகிறது. நான் போய் உட்கார்ந்து கேட்காமலே செத்துப்போனால், அன்றைக்கு அக்கா யாருக்குப் பதில் சொல்லியிருப்பாள்?