ஆணி நிற்காத பியானோ

நடந்தவை, வரிசைப்படி:

1. கடந்த ஆண்டு, மழை ஓய்ந்து வெயில் ஏறிய வாரத்தில், சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்குப் பியானோ சுருதி சேர்க்கப் போனேன்.
2. மதியத்துக்கு முன்பே, அந்தப் பியானோவில் சுருதி நிற்காது என்று தெரிந்துவிட்டது.
3. அன்று மாலை ஹோட்டல் முதலாளி தன் விருந்தாளிகளோடு வந்து அதைக் கேட்பதாக இருந்தது.
4. கேட்டார். பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டார்.

எழுதிப் பார்த்தால் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. அன்று நான் பட்ட பாடு இந்த நான்கு வரிகளில் இல்லை.

நான் மாத்தளை நகரத்தில் இருக்கிறேன். பியானோ பழுதுபார்க்கக் கொழும்பில் படித்தேன். அந்த ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் நின்றது ஒரு வெள்ளை நிறச் சின்ன கிராண்ட் பியானோ. தூரத்தில் இருந்து பார்க்க அழகுதான். மூடியைத் திறந்து முதல் ஆணியைத் திருகியதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

பியானோவின் ஒவ்வொரு கம்பியும் ஓர் இரும்பு ஆணியில் சுற்றியிருக்கும். அந்த ஆணிகளை ஒரு தடித்த மரப்பலகை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆணியைத் திருகும்போது மரம் எதிர்க்க வேண்டும். இங்கே பாண் ரொட்டியில் குத்திய ஈர்க்கைத் திருப்புவது போல இருந்தது. செய்யும்போதே மட்டமான பலகையைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்ச் சூட்டில் அது இன்னும் காய்ந்து, பிடியை விட்டிருந்தது.

ஆணிகளைத் தட்டி இறக்கிப் பார்த்தேன். சிலவற்றைக் கழற்றி, சேண்ட் பேப்பர் துண்டு சுற்றித் திரும்பவும் இறக்கினேன். பெரும்பாலானவை பிடித்தன. ஆனால் நடுவுக்குச் சற்று மேலே, பாட்டின் மெட்டு அதிகம் நடமாடும் இடத்தில், பலகையே உள்ளுக்குள் பிளந்திருந்தது. சுருதியை ஏற்றிவிட்டுத் திரும்பினால் இறங்கியிருக்கும். மறுபடி ஏற்றினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து இறங்கும்.

அந்தப் பியானோவை வாசிப்பவர் என் அருகிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். தோட்டத்துச் சர்ச்சில் கீபோர்ட் வாசித்துப் பழகியவர். ஹோட்டலில் அவருக்கு முதலில் பெட்டி தூக்கும் வேலைதான். முதுகில் கோளாறு வந்து, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு முதலாளி இந்தப் பியானோவில் உட்கார வைத்திருந்தார்.

"இது போச்சுன்னா நான் மறுபடி பெட்டிதான் தூக்கணும் மிஸ். இல்லாட்டி வீட்டுக்குப் போகணும்," என்றார். "முதலாளி கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லிருங்க."

"நானா போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல ஏலாதுங்க."

"அப்ப அவரு கேட்காம இருக்க நேர்ந்துக்கிறேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அந்தப் பகுதியில், விரல் வைத்து அழுத்தும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். இறங்குகிற கம்பியை மட்டும் ரப்பர் ஆப்பு வைத்து ஒலிக்காமல் அடைத்துவிட்டு, மற்ற இரண்டையும் சுருதி சேர்த்தேன். பல கட்டைகள் இப்படித் தப்பின. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கட்டைகளுக்கு மட்டும் எந்தக் கம்பியுமே நிற்கவில்லை.

"இந்த ரெண்டையும் தொட்டுறாதீங்க. தொட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்," என்றேன்.

அவர் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். "முன்பல்லு ரெண்டும் இல்லாம கல்யாண வீட்டுக்குப் போற மாதிரிதான்."

பிறகு உட்கார்ந்து, தான் வாசிக்கும் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எங்கே தொடங்கினால் மெட்டு அந்த இரண்டு கட்டைகளையும் தாண்டிப் போகும் என்று தேடினார். மாலை வரைக்கும் அவர் தேட, நான் இறங்கியதை ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலாளி மாத்தளையில் வியாபாரம் செய்யும் ஹாஜியார். விருந்தாளிகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாசிப்பவரின் வலது கை மேலே நகரும்போதெல்லாம், அந்த இரண்டு கட்டைகளையும் தொடுகிறாரா என்று கவனித்தேன். பழகிய பாட்டுகள் தப்பித்துவிட்டன. அப்போது ஹாஜியார் ஒரு பழைய ஹிந்திப் பாட்டை வாசிக்கச் சொன்னார். அதை வாசிப்பவர் பகலில் எடுத்துப் பார்க்கவே இல்லை.

சற்றுக் கீழே இருந்து தொடங்கினார். மெட்டு ஏறி ஏறி அந்த இடத்துக்கு வந்தது. தாண்ட வழியில்லை. அவருடைய விரல் கட்டைக்கு மேலே அப்படியே நின்றது. அவர் தலையை நிமிர்த்தி, அந்த ஒரு சுரத்தை வாயால் முனகினார். இடது கை நிற்கவே இல்லை. அடுத்த சரணத்தில் அதே இடம் வந்தபோது விருந்தாளிகள் சிலரும் அவரோடு சேர்ந்து முனகினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஹாஜியார் நேராக என்னிடம் வந்தார்.

"எப்படி மகள் நம்ம பியானோ? நல்ல சாமான்தானே?"

அவருக்குப் பின்னால் வாசிப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சாமான் இல்ல ஹாஜியார்," என்றேன். "ஆணி பிடிக்கிற பலகை சரியில்ல. ரெண்டு கட்டை வேலையே செய்யல்ல. இவரு அதைத் தொடாமத்தான் இவ்வளவு நேரமும் வாசிச்சாரு."

ஹாஜியார் திரும்பினார். "நடுவுல வாயால பாடினது அதுக்கா?"

"ஆமாங்க முதலாளி. அந்த எடத்துல கட்டை இல்ல."

"நான் ஸ்டைலுன்னு நெனச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரிக்கட்ட ஏலுமா மகள்?"

"பலகையையே மாத்தணும். அந்தச் செலவுக்கு வேற பியானோவே வாங்கிரலாம்."

"கண்ணால பார்த்து வாங்கினேன். காதால பார்க்கல்ல." பிறகு, "இப்பத்தைக்குக் கிடக்கட்டும். இவருக்குத்தான் வழி தெரியுதே. ஆனா எந்தக் கட்டை கெட்டாலும் என்கிட்டயும் சொல்லணும்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அன்று நடந்ததை நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வாசிப்பவருடைய வேலை போய்விடும் என்றுதான் நாள் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கில் அவருடைய வாசிப்பை நான் சேர்க்கவே இல்லை. இன்றும் ஒரு மோசமான பியானோவைத் திறந்தால், அதை வாசிப்பவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்கிறேன்.

பியானோ இன்னும் அங்கேதான் நிற்கிறது. பலகை மாற்றவில்லை. பெட்டிகளை வேறு ஒருவர் தூக்குகிறார். போன முறை போய்ப் பார்த்தபோது இன்னொரு கட்டையும் கெட்டிருந்தது. அதையும் வாசிப்பவர் வாயால் பாடிக்கொண்டிருக்கிறார்.