அடுத்த வாக்கியமும் என்னுடையதுதான்

நந்தினியின் அழைப்பு வந்தபோது நான் கொல்கத்தாவின் நியூ டவுனுக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தேன். “மா ஆர் நேய், காக்கு” என்றாள். வங்காள மொழியில் சொன்னது எனக்கு உறைக்காது என்று நினைத்தாளோ என்னவோ, சற்றுப் பொறுத்துத் தமிழிலும் சொன்னாள். “அம்மா போயிட்டாங்க, மாமா.” ஓட்டுநரிடம் வண்டியைக் காளிகாட்டுக்குத் திருப்பச் சொன்னேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

சுகந்தி அக்காவும் நானும் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எதிரெதிர் மேசைகளில் பல்லாண்டுகள் உட்கார்ந்தவர்கள். நான் புள்ளிவிவரப் பிரிவு. அவர் மக்களைச் சந்தித்துப் பேசி எழுதும் சமூகவியலாளர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்து வளர்ந்தது ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில். வங்காளி ஒருவரை மணந்தார். கணவர் சீக்கிரமே காலமாகிவிட, மகள் நந்தினியோடு காளிகாட்டில் ஒரு சின்ன அடுக்ககத்தில் வாழ்ந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் வங்காள வழக்கப்படி சுகந்தி தி, அதாவது சுகந்தி தீதி. எனக்கு மட்டும் தமிழில் அக்கா. வாய்விட்டுச் சிரிப்பார், அதே வேகத்தில் கோபப்படுவார். வங்காளிகள் கொண்டாடும் ஹில்சா மீனை யாராவது புளிக்குழம்பில் போட்டால் போதும், அன்று முழுவதும் அதைச் சொல்லியே திட்டுவார்.

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி வாழும் மக்கள் எந்த ஆபத்துக்கு அதிகம் பயப்படுகிறார்கள் என்று அறியும் வேலை எங்களுக்கு வந்தது. ஹவுராவில் காலை ரயிலைப் பிடித்து, பிறகு ஆட்டோவில் போக வேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் ஒரு சிற்றூர். வேப்பிலைகூட அங்கே கறுத்திருக்கும். முதல் சுற்றில் கிடைத்த பதில்களைத் தொகுத்தபோது நான் திகைத்துப்போனேன். வெடி வைக்கும்போது சுவர் பிளப்பது, நிலம் உள்வாங்குவது, கிணறு வற்றுவது என்று பயங்கள் வரிசையாக இருந்தன. தூசியோ கடைசியில் நின்றது. இருமல் உண்டா என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

“இது எப்படிக்கா?” என்றேன்.

“கேள்வி தப்பா இருக்கும் ராகவன். மறுபடி போவோம்” என்றார்.

மறுமுறை கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துவிட்டார். ஃபூல்மணி என்ற பெண்ணின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அன்று என்ன சமையல் என்று ஆரம்பித்தார். ஃபூல்மணியின் கணவர் ஒப்பந்தக்காரரிடம் நிலக்கரி ஏற்றும் கூலி. பேச்சுவாக்கில் எல்லாம் வந்தது. சோற்றுப் பானையை ஈரத்துணி போட்டு மூடுவது, துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயவைப்பது, மேற்குக் காற்று அடித்தால் கைக்குழந்தையை அடுத்த ஊரில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வருவது.

“அப்படின்னா தூசி கெடுதல்னு உனக்குத் தெரியுது. கேட்டப்போ ஏன் இல்லைன்னு சொன்னே?” என்று அக்கா வங்காள மொழியில் கேட்டார்.

ஃபூல்மணி குரலைத் தாழ்த்தினாள். “உன் கூட வந்தவர் மேஸ்திரியோட ஆளு தீதி. அவர் முன்னாடி சொன்னா வேலை போயிடும். கெடுதல்னு சொல்லிட்டு அடுத்த நாளும் அதே தூசியிலதானே சோறு பொங்கணும்?”

முதல் சுற்றில் எங்களுக்கு வழிகாட்ட வந்தவரை ஊர்க்காரர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அறிக்கையை அவர் கவனமாகத்தான் எழுதினார். ‘தூசியைப் பெரிய ஆபத்து என்று மக்கள் சொல்வதில்லை’ என்று ஒரு வாக்கியம். ‘சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்ற பயமே அதற்குக் காரணம், வீட்டுக்குள் அவர்கள் தூசியிலிருந்து தப்ப ஓயாமல் பாடுபடுகிறார்கள்’ என்று அடுத்த வாக்கியம். சில மாதங்களில் சுரங்கத்தை விரிவாக்க ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். சுரங்க நிர்வாகம் சுற்றுக்கு விட்ட தாளில் முதல் வாக்கியம் மட்டும் இருந்தது, எங்கள் அறிக்கையின் பெயரோடு.

மேலதிகாரி அக்காவை அழைத்து, நீங்கள் கூட்டத்துக்குப் போக வேண்டாம், நிறுவனத்துக்குச் சங்கடம் என்றார். “அப்ப லீவு எழுதித் தரேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் விடுப்பு எழுதினேன்.

கூட்டப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசை முழுக்க ஒப்பந்தக்காரர்கள், ஓரத்தில் போலீஸ். நிர்வாக அதிகாரி அந்த வாக்கியத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். அக்கா எழுந்தார்.

“அந்த வாக்கியம் நான் எழுதினது. அடுத்த வாக்கியமும் என்னுடையதுதான். அதையும் வாசியுங்க.”

“மக்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா மேடம்?” என்றார் அதிகாரி.

“தெரியாது. மேஸ்திரிகளை வெளியே அனுப்பிட்டு அவங்களையே கேளுங்க.”

மேஸ்திரிகள் யாரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஃபூல்மணி எழுந்தாள். அக்கா வேண்டாம் என்பதுபோலக் கையசைத்தார். அவள் கேட்பதாக இல்லை. சோற்றுப் பானையையும் ஈரத்துணியையும் குழந்தையையும் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவள் உட்காரும் முன்பே இன்னும் இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஃபூல்மணியின் கணவருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. “நான் பேசிட்டு ரயிலேறி வந்துட்டேன். அவ அங்கேயேல்ல இருக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். “நீயா என்னைப் பேசச் சொன்னே? கையை ஆட்டித் தடுத்தியே, பார்த்தேன்” என்று ஃபூல்மணி சிரித்தாள். அவள் கணவருக்குப் பிறகு செங்கல் சூளையில் வேலை கிடைத்தது, குறைந்த கூலிக்கு.

சுரங்க விரிவாக்கம் நிற்கவில்லை. நாங்கள் வென்றதாகச் சொன்னால் அக்காவுக்கே பிடிக்காது. லாரிகளுக்குத் தார்ப்பாய் வந்தது. சாலையில் தண்ணீர் தெளித்தார்கள். மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்த மாவட்ட மருத்துவமனை ஒத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகாமுக்கு அக்கா தவறாமல் போனார். பயந்து தயங்குபவர்களை அவரே கைபிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போவார்.

அப்படிப்பட்டவர் தன் இருமலை ஒரு வருடம் போல மறைத்தார். காளி பூஜைப் பட்டாசுப் புகை என்றார், குளிர்காலம் என்றார். நானும் நந்தினியும் வற்புறுத்தி அழைத்துப்போனபோது, நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை ஆண்டுத் தூசியாலா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அக்காவும் அப்படிச் சொல்ல விடவில்லை. “தெரியாததை எழுதக்கூடாது ராகவன்” என்றார்.

மருத்துவமனையில் ஒரு மாலை, பிராணவாயுக் குழாயை விலக்கிக்கொண்டு சொன்னார்: “எனக்குத் தெரியாம இல்ல. ராத்திரி இருமறப்பல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நந்தினி முகத்தை எப்படிப் பார்க்கிறது? அதான் போகல. இவ்வளவு வருஷம் அவங்களைக் கேள்வி கேட்டேனே, இந்தப் பயத்தைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போன அடுத்த வாரம் முகாம் நாள். நந்தினியும் நானும் போனோம். தீதி எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். நந்தினி சொன்னாள். பெண்கள் பள்ளி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவர் அழைக்காமல் காத்திருந்தார். என்ன நோய் என்று ஒரு வயதான பெண் கேட்டார். நந்தினி மறைக்காமல் சொன்னாள்.

“ரொம்ப வலிச்சுதா?”

“வலிச்சுது” என்றாள் நந்தினி. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அந்தப் பெண் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து மருத்துவரின் மேசைக்கு முன் வரிசையில் நின்றார்கள்.

அக்கா, உங்கள் மகள் அவர்களிடம் நேரில் போய், எதையும் மறைக்காமல் சொன்னாள். உங்களுக்காக அந்த ஊரில் அன்று எல்லோரும் அழுதார்கள். நிம்மதியாக உறங்குங்கள்.